எனக்கு மட்டும் கூடுதல் நெய்

கல்யாணம் முடிந்து மனைவி ஒஸ்லோவுக்கு வந்து சில வாரங்களிலேயே நான் மெலியத் தொடங்கினேன். அவளுக்குச் சமைக்கத் தெரியாமல் இல்லை. கைப்பக்குவம் உள்ளவள். சாப்பாட்டில் எண்ணெய்தான் இல்லை.

அவள் கோயம்புத்தூர்க்காரி. அவளுடைய அப்பாவுக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தபிறகு அந்த வீட்டில் எண்ணெய் போத்தல் மேல் தட்டுக்குப் போய்விட்டதாம். அந்தப் பழக்கத்தோடு நகரின் ஓரத்தில் எல்லிங்ஸ்ருட்டில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியம் அவித்த காய்கறி, இரவில் எண்ணெய் தொடாத சப்பாத்தி.

எனக்குப் பிறவியிலேயே சிஸ்டிக் பைப்ரோசிஸ். உடம்புக்குள் ஊறும் சளியும் நீரும் பசைபோலத் தடித்துவிடும் நோய். நெஞ்சுச் சளியை நாள்தோறும் மருந்தை மூச்சோடு இழுத்து இருமி வெளியேற்றவேண்டும். கணையமும் அடைபட்டிருப்பதால் கொழுப்பு தானாகச் செரிக்காது. அதற்காக ஒவ்வொரு சாப்பாட்டோடும் குளிசை விழுங்குவேன். அப்படியும் கொஞ்சம் வீணாகத்தான் போகும். வியர்வையோடு உப்பும் போய்விடும். அதனால் சின்ன வயதிலிருந்தே எனக்குக் கிடைத்த புத்திமதி, மற்றவர்களுக்குச் சொல்வதற்கு நேர் எதிரானது: கொழுப்பாகச் சாப்பிடு, உப்பைக் குறைக்காதே.

இதையெல்லாம் கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் சொல்லியிருந்தேன். நெஞ்சைப் பற்றிச் சொன்னதை நம்பினாள். கொழுப்பைப் பற்றிச் சொன்னதை மட்டும் நம்பவில்லை.

"இஞ்சருமப்பா, இதுக்கு மேலை கொஞ்சம் பட்டர் போடுமன்," என்றேன் ஒருநாள், சப்பாத்தியைக் காட்டி.

'போடுமன்' என்ற எங்கள் ஊர்ப் பேச்சுக்கு முதலில் சிரித்தாள். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டாள். "நோயாளிக்கு யாராவது வெண்ணெய் குடுப்பாங்களா? உங்க நாக்கு கேக்குது. பழிய நோய் மேல போடறீங்க."

"சத்தியமா டொக்டர்மார் சொன்னது."

"அவங்களே எங்கிட்ட சொல்லட்டும். அப்புறம் பாக்கலாம்."

அடுத்தமுறை ஆஸ்பத்திரிக்கு அவளையும் கூட்டிப்போனேன். அங்கே உணவு ஆலோசகராக இருந்த நோர்வேக்காரப் பெண்மணி என்னைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அறிந்தவர். என் எடையைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். வீட்டில் என்ன சாப்பாடு என்று கேட்டார். மனைவி ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். குரலில் பெருமை இருந்தது.

"அருமையான சாப்பாடு," என்றார் அவர். "எனக்கு. உங்கள் கணவருக்கு அல்ல."

பாணில் தடிப்பாக பட்டர், கறியில் கிரீம், கச்சான் கடலை, முந்திரி, கொழுப்புள்ள சால்மன் மீன் என்று அவர் அடுக்க அடுக்க, மனைவியின் கண்கள் விரிந்தன. நெய் கொடுக்கலாமா என்று கேட்டாள். அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. பட்டரை உருக்கி எடுப்பது என்று விளக்கியதும், "ஆகா, தாராளமாக!" என்றார்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். "நிஜமாவே சொல்றாங்க!"

அதோடு விடவில்லை. கைப்பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து நீட்டினாள். துரொண்ட்ஹெய்மிலிருக்கும் என் சின்னம்மா, சளி கரையும் என்று அனுப்பிய, மஞ்சளில் செய்த குளிசைகள். ஆலோசகர் சிரிக்கவில்லை. போத்தலைத் திருப்பித் திருப்பி வாசித்தார். கறியில் போடும் மஞ்சளுக்குப் பயமில்லை என்றார். குளிசையில் அது செறிந்திருக்கும், ஈரலுக்கும் மற்ற மருந்துகளுக்கும் இடைஞ்சலாகலாம், சளியைக் கரைக்கும் என்பதற்கு உறுதியான சான்றும் இல்லை. எனக்கு உண்மையில் தேவையானவை கொழுப்போடு சேர்ந்து உடம்பில் ஏறும் விற்றமின்கள். அவற்றை இரத்தத்தில் பார்த்து அளவாகத் தருகிறார்கள். இங்கே எல்லோரும் குளிர்காலத்தில் குடிக்கும் மீனெண்ணெயைக்கூடத் தங்களிடம் கேட்காமல் தொடக்கூடாது என்றார்.

வீட்டுக்கு வந்து சின்னம்மாவை அழைத்தேன். "மஞ்சளைக் கறிக்கை போட்டால் காணுமாம், சின்னம்மா."

"அது நாங்கள் நெடுகப் போடுறது தானே," என்றார். கோபமில்லை. "பிள்ளை ஒழுங்காச் சமைச்சுத் தாறாளோ?"

"ஓம், இண்டையிலையிருந்து."

உண்மையில் அன்று மாலையே மனைவி பட்டரை உருக்கினாள். அடுப்படியில் எழுந்த வாசனை படிக்கட்டு வரை போனது. சோதனைக்குப் படிப்பவள்போல அதில் இறங்கினாள். குருமாவுக்கு முந்திரி அரைத்தாள். பருப்பின் மேல் நெய் மிதந்தது. நோர்வேக்காரர் பாணில் வைத்துச் சாப்பிடும் இனிப்பான பழுப்புச் சீஸை உருக்கி ஒரு தோசை வார்த்தாள்; அது தோசையும் இல்லை, இனிப்பும் இல்லை, ஆனால் நான் மிச்சம் வைக்கவில்லை. எனக்கு எதிரே அமர்ந்து அவித்த காய்கறியைச் சாப்பிட்டபடி என் தட்டையே பார்ப்பாள். கோடையில் காட்டுப்பக்கம் நடக்கும்போது உப்புக் கூட்டிய மோர் கொண்டுவருவாள். வெயிலில் தலை சுற்றி உட்கார்ந்துவிடும் நான், அந்தக் கோடையில் ஏரி வரை அவளோடு நடந்தேன்.

பிறகு புதிய மருந்து வந்தது. நோயின் மூலக் கோளாறையே ஓரளவு சரிசெய்யும் குளிசை. இருமல் அடங்கியது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டியது, கொஞ்சம் அதிகமாகவே. அடுத்த சந்திப்பில் அந்த ஆலோசகர், இனி மற்றவர்கள்போலச் சாப்பிடலாம், காய்கறியைக் கூட்டுங்கள் என்றார்.

"இப்பதாங்க எனக்கு நெய் ரோஸ்ட் நல்லா வருது!" என்று மனைவி என்னிடம் குறைப்பட்டாள். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். இந்தக் குளிசையையும் கொழுப்போடுதான் விழுங்கவேண்டும், ஆகவே காலைத் தோசையை நிறுத்தவேண்டாம் என்று சமாதானம் சொன்னார்.

போன மாதம் பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கில் உடுப்புக் கடைக்குப் போனோம். நான் உள்ளே காற்சட்டை போட்டுப் பார்க்க, மனைவி திரைக்கு வெளியே நின்றாள்.

"எப்படி இருக்கு?"

"இடுப்பு இறுக்குது," என்றேன்.

சொன்ன பிறகுதான், வாழ்க்கையில் அப்படியொன்றைச் சொன்னதே இல்லை என்று உறைத்தது. எட்டிப் பார்த்தேன். முகத்தை மறுபக்கம் திருப்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஓர் அளவு பெரிதாக எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு பட்டை மணக்கும் கறுவா பணிஸ் வாங்கிச் சாப்பிட்டபடி பஸ்ஸுக்கு நின்றோம்.