தவக்காலத்தில் நான் விட்ட ரேடியோ

அப்பா கண்ணை மூடி ஒரு வருடம் ஓடிவிட்டது. அவருக்காக ஒப்புக்கொடுக்கும் திருப்பலிக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும் நட்புகளுக்கும் அவருடைய ஒரே மகளின் வணக்கம். "நினைவு மலருக்கு அப்பாவப் பத்தி நல்லதா நாலு வரி எழுதிக் குடு" என்றார் அண்ணன். நல்லது நிறையவே இருக்கிறது. நல்லதல்லாத ஒன்றும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுத எனக்குக் கை வரவில்லை.

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் மானாவாரிக் காட்டை நம்பிய குடும்பத்தில் பிறந்தவர் அப்பா. சிறு வயதிலேயே தாயை இழந்தார். ஊரார் மாடுகளை மேய்த்தார், கிணறு வெட்டப் போனார், பிறகு சொந்தமாகத் தக்காளி போட்டார். சந்தைக்குக் கூடை ஏற்றிப் போனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டார். அம்மாவுக்கு இடுப்பு வலி என்றதும் பித்தளைக் குடத்தைப் பரணில் போட்டுவிட்டு பிளாஸ்டிக் குடம் வாங்கி வந்தார். புகையில் அம்மாவின் கண் எரிகிறது என்று திரி ஸ்டவ் வாங்கினார். துணி காயப்போட ஒரு டஜன் கிளிப் வாங்கி வந்த அன்று தெருப் பெண்களெல்லாம் வந்து பார்த்தார்கள். "சின்னச் சாமான்தான். ஒடம்புக்கு எவ்ளோ சொகம் பாரு" என்று பெருமையாகச் சொல்வார்.

அதே புத்திதான் எனக்கும். வீட்டிலேயே ரவிக்கை தைத்து வந்த கூலியைச் சேர்த்து ஒரு ரேடியோ வாங்கினேன். அதன் பிறகு தையல் எனக்குப் பாரமாகவே தெரியவில்லை. மதியப் பாட்டு முடிவதற்குள் ஒரு கை ஏற்றிவிடுவேன். செய்தி முடிவதற்குள் கொக்கி வைத்துவிடுவேன். ஊரில் இரண்டு வீட்டுக்கு டிவி வந்துவிட்ட இந்த நாளிலும் அந்தச் சுகத்துக்கு ஈடாக நான் எதையும் சொல்ல மாட்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று ஆளுக்கு ஒரு பிரியமான பொருளை ஒறுத்தலாக விடவேண்டும். அப்பா அவற்றை டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்து ஈஸ்டர் அன்று திருப்பிக் கொடுப்பார். அப்பா பொடி டப்பாவை வைப்பார், அம்மா வெற்றிலைச் சுருக்குப் பையை வைப்பார். ஒரு வருடம் நான் என் ரேடியோவைத் துண்டில் சுற்றி அப்பா கையிலேயே கொடுத்தேன். நாற்பது நாளும் வெறும் மிஷின் சத்தத்தோடு தைத்தேன்.

ஈஸ்டர் பூசையில் சாமியார் பிரசங்கம் வைத்தார். தவக்காலத்தில் விட்டதை இல்லாதவருக்குக் கொடுங்கள் என்று தாம் சொன்னதைக் கேட்டு, நம் பங்குக் கோயில் மக்களில் ஒருவர் ரேடியோவையே ஒரு நோயாளிக்குக் கொடுத்துவிட்டார் என்றார். எந்தப் புண்ணியவானோ என்று நானும் மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். என் முட்டாள்தனத்தை என்ன சொல்ல!

வீட்டுக்கு வந்து அப்பா பெட்டியைத் திறந்தார். சுருக்குப் பை இருந்தது. பொடி டப்பாவும் இருந்தது.

"ரேடியோ எங்கீங்கப்பா?"

"அதத்தான் நீ ஆண்டவருக்கு வுட்டுட்டியேம்மா. நம்ம டிரைவருக்குக் குடுத்துட்டேன். பாவம், படுத்தே கெடக்கறான்."

"நாப்பது நாளைக்குத்தாங்கப்பா வுட்டேன்! அப்படின்னா உங்க பொடி டப்பாவ யாருக்குக் குடுத்தீங்க?"

"நல்ல நாளும் அதுவுமா கத்தாத" என்று சொல்லிவிட்டு ஒரு சிட்டிகை எடுத்து உறிஞ்சினார். அம்மாவோ, "வுடுடி, ஊரே அவரக் கையெடுத்துக் கும்புடுது" என்றார்.

திருப்பி வாங்கியே தீருவது என்று அன்று மாலையே போனேன். எங்கள் பக்கத்துத் தெருக்காரரான அந்த டிரைவர் அண்ணன், தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து இடுப்பு முறிந்தவர். வாசலிலேயே என் ரேடியோ சத்தம் கேட்டது. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கப்பா சாமிங்க. ஆறு மாசம் கழிச்சு இப்பத்தான் இவரு சிரிக்கறாரு" என்றார். ரேடியோவைக் கேட்காமலே திரும்பி வந்தேன்.

அப்பா அதைக் கொடுத்தது தவறென்று நான் சொல்லவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அழுதாவது கொடுத்திருப்பேன். கேட்கவில்லை. ஊரார் புகழ்ந்தபோது "அது எம் பொண்ணோடது" என்று ஒருநாளும் சொல்லவில்லை. நம்பிக் கொடுத்தேன், ஏமாற்றிவிட்டார். அப்பாவைப் பற்றி இப்படி எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நடந்தது அதுதான்.

கடைசி மூன்று மாதம் இழுப்பு வந்து படுக்கையில் இருந்தார். ஊட்டிவிட்டதும் உடம்பு துடைத்ததும் நான்தான். மனம் கேட்காமல் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"அப்பா, அந்த ரேடியோ யாரோடதுங்க?"

"நம்ம வூட்டுதும்மா."

"என்னோடதுன்னு ஒரு தடவ சொல்லுங்கப்பா."

"நீ வேற வூடு வேறயா, கண்ணு?" என்று என் தலையைத் தடவினார். அண்ணனின் சைக்கிளை அவர் ஒருநாளும் வீட்டு சைக்கிள் என்று சொன்னதில்லை. அதற்கு மறுவாரம் சாமியார் வந்து கொடுத்த அவஸ்தைப் பூசுதலைப் பெற்று அமைதியாக இறந்தார்.

வீடு தேடி வந்து ஊசி போட்ட நர்ஸ் அம்மாவுக்கும், சாவு வீட்டுக்குப் பந்தல் போட்டுச் சோறாக்கிப் போட்ட தெருக்காரர்களுக்கும், ஜெபம் சொல்ல வந்த எங்கள் பங்கின் அன்பியக் குழுவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பாவை மன்னித்துவிட்டேன் என்று எழுதி முடிக்கச் சொன்னார் அண்ணன். அது இன்னும் எனக்கு வரவில்லை. வராததை எழுத மாட்டேன்.

டிரைவர் அண்ணா, இந்த மலர் உங்கள் கைக்கும் வரும். பதறிப்போய் ரேடியோவைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அப்பா தந்தபோது அது அவருடையதல்ல, என்னுடையது. இன்று நான் தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள்.