கஷோசியின் குடும்பத்தை விரட்டியவர்

கரமூசி பார்த்த வேலைக்கு அரசாங்கம் வைத்திருந்த பெயர் நீளமானது. பலகையில் எழுதினால் பலகை போதாது. ஊர்க்காரர்கள் சுருக்கிக் கொண்டார்கள்: "கொரில்லாவுக்குப் பக்கத்துல சும்மா உட்கார்ந்திருக்கிறவன்." இரண்டில் ஊர் சொன்னதுதான் உண்மைக்குக் கிட்டத்தில் இருந்தது.

விடிந்ததும் தேசியப் பூங்காவுக்குள் நுழைய வேண்டும். மழையும் கொடியும் சேற்றுச் சரிவுமாகக் கிடக்கும் காட்டில் கஷோசியின் குடும்பத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். கஷோசி என்பது முதுகு வெளுத்த ஆண் கொரில்லா. அந்த ஊர்ப் பேச்சில் கஷோசி என்றால் குன்று; உருவத்தைப் பார்த்துக் கரமூசியே வைத்த பெயர் அது. சற்றுத் தள்ளிக் குந்தி உட்கார வேண்டும். நிமிர்ந்து நிற்கக் கூடாது, கண்ணைப் பார்க்கக் கூடாது. இலையைப் பறித்து மென்றுகொண்டே தொண்டைக்குள் இரண்டு தரம் செரும வேண்டும். 'நான்தான், ஒன்றும் இல்லை, நீ சாப்பிடு' என்று அதற்கு அர்த்தம்.

முதல் வருஷம் முழுக்க கஷோசி மார்பில் அறைந்துகொண்டு பாய்ந்தான். கரமூசி தலையைக் குனிந்தபடி இலையை மென்றார். பிறகொரு நாள், அந்தப் பக்கத்திலிருந்தும் செருமல் வந்தது. அன்று சாயங்காலம் வீட்டு வாசலிலேயே மனைவி கியரிசீமாவிடம் சொன்னார்:

"இன்னைக்கு அவன் எனக்குப் பதில் சொன்னான்."

"அதுவாவது சொல்லுதே. கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் கேட்டதுக்கு நீங்க ஒரு பதில் சொன்னதில்ல."

இத்தனையும் எதற்கு? கொரில்லாவின் பயம் போய்விட்டால் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருவார்கள். கொரில்லாவுக்கு நோய் ஒட்டாமலிருக்க மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, பார்க்க வேண்டிய நேரமெல்லாம் படமெடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போவார்கள். அந்த வருமானத்தில் ஊருக்குப் பள்ளிக்கூடக் கூரையும் வரும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். கூரை வராமல் இல்லை; பாதி வந்தது.

ஆனால் போன பயம் யாரைப் பார்த்தாலும் போன பயம்தான். சுற்றுலாக்காரரிடம் பயப்படாதே, சபீட்டியிடம் மட்டும் பயப்படு என்று கொரில்லாவுக்குச் சொல்லித்தர யாராலும் முடியாது.

சபீட்டி கரமூசியின் அண்ணன். காடு முடிகிற கோட்டில் அவருடைய வாழைத்தோப்பு தொடங்குகிறது. நடுவில் வேலி கிடையாது. வாழைமரத்தின் உள்தண்டு கொரில்லாவுக்கு அவ்வளவு பிடிக்கும். இரண்டு தடவை குடும்பத்தோடு வந்து மரங்களைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனான் கஷோசி. சபீட்டி தகரத்தைத் தட்டினார், பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். ரேடியோ பாடுகிறது என்கிற மாதிரி கேட்டுக்கொண்டே தின்றான் அவன். மனிதன் கத்துவான், கடிக்கமாட்டான் என்று அவனுக்குப் பாடம் எடுத்தது சபீட்டியின் சொந்தத் தம்பி.

"உன் சம்பந்தி வீட்டு ஆளுங்க என் தோப்பைத் தின்னுட்டுப் போறாங்கடா," என்றார் சபீட்டி. "அடுத்த தடவை ஈட்டிதான்."

"ஜெயில்ல போட்டுருவாங்கண்ணே."

"போடட்டும். அங்க களியாவது கிடைக்கும். இங்க என் பிள்ளைங்க தட்டுல என்ன வைக்கிறது, நீ சொல்லு."

அண்ணன் வெறும் வாய்ப்பேச்சுப் பேசுகிற ஆள் இல்லை என்பது கரமூசிக்குத் தெரியும்.

மூன்றாவது தடவை வந்தபோது ஆள் அனுப்பிக் கரமூசியைக் கூப்பிட்டார்கள். அவர் ஓடி வருவதற்குள் ஊரே தோப்பைச் சுற்றி நின்றது. நடுவில் கஷோசி, பெண்களும் குட்டிகளும் அவனைச் சுற்றி. வரிசைக்கு முன்னால் சபீட்டி, கையில் ஈட்டியோடு.

கரமூசி விலக்கிக்கொண்டு உள்ளே போனார். போனவர் பழக்கத்தில் குனிந்தார். இரண்டரை வருஷப் பழக்கம், தொண்டை தானாக இரண்டு தரம் செருமிவிட்டது.

கஷோசி பதிலுக்குச் செருமினான். எழப் பார்த்துக்கொண்டிருந்தவன், நிம்மதியாக உட்கார்ந்துவிட்டான். ஒரு குட்டி அவன் வயிற்றின் மேல் ஏறிப் படுத்தது.

"அடப் பாவி, விருந்தாளியை உட்காரச் சொல்லிட்டான்டா!" என்று யாரோ கத்தினார்கள். "கியரிசீமா, ஓடு, உலை வை!"

ஊர் சிரித்தது. சபீட்டி சிரிக்கவில்லை. ஈட்டியைத் தோளுக்கு உயர்த்திக்கொண்டு தம்பியைத் தாண்டி நடந்தார்.

"அண்ணே, நில்லு."

"தள்ளுடா."

கரமூசி நிமிர்ந்தார். இந்தக் கொரில்லாவின் முன்னால் அவர் முழு உயரத்துக்கு நின்றது அதுதான் முதல் தடவை. நேராகக் கண்ணைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவரிடமிருந்து தகரத்தைப் பிடுங்கி, கழியால் ஓங்கி அடித்தார். "போ! போடா! போ!" என்று அலறினார். கஷோசி அசையவில்லை. குனிந்து, கிழித்துப் போட்ட வாழைத்தண்டு ஒன்றை எடுத்து வீசினார். அது தோளில் பட்டுத் தெறித்தது.

குட்டி வீறிட்டது. கஷோசி எழுந்து பாய்ந்தான். ஊர் சிதறியது. ஒரு கை தூரத்தில் வந்து நின்றான். கரமூசி தலையைக் குனியவில்லை, கண்ணைத் தாழ்த்தவில்லை. எதிரில் இருந்த முகத்தில் கோபம் மட்டும் இருந்திருந்தால் தேவலை. அவன் அவருடைய முகத்தைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தான், வேறு யாரோ அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டது போல. கரமூசி மறுபடி தகரத்தை அடித்தார்.

பெண்களையும் குட்டிகளையும் முன்னால் போகவிட்டு, கடைசியாகக் காட்டுக்குள் போனான் கஷோசி. கரமூசி எல்லைக் கோட்டைத் தாண்டியும் பின்னாலேயே போய்க் கத்தினார். குரல் கட்டிப்போன பிறகும் தகரச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. சபீட்டி ஈட்டியைத் தரையில் ஊன்றி அதன் மேலேயே சாய்ந்து நின்றார்.

சேதி அதிகாரிக்குப் போயிற்று. "இரண்டரை வருஷ வேலையை ஒரு காலையில கெடுத்துட்டியேய்யா" என்றார் அவர்.

"ஆமா சார்."

"மறுபடி போய் உட்காரு. திரும்பப் பழக்கு."

"நான் உட்காரல சார். எல்லையில காவலுக்குப் போடுங்க."

அப்படியே போட்டார்கள். கோட்டருகே கொரில்லாக்களின் தலை தெரிந்தபோதெல்லாம் அவர் தகரத்தோடு போய் நின்றார், தோப்பில் ஒரு வாழை சாயவில்லை.

மழை விட்ட ஒரு காலையில் அண்ணனும் தம்பியும் வரப்பில் உட்கார்ந்து சர்க்கரைவள்ளிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தார்கள். எதிர்ச் சரிவில் இலைகள் அசைந்தன. ஒரு தாய் வெளியே வந்தது. கரமூசியைப் பார்த்தது. குட்டியை வாரி முதுகில் போட்டுக்கொண்டு வந்த வழியே மறைந்தது. தகரத்தைத் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை.

"உன் மூஞ்சியப் பார்த்தாலே ஓடுதுடா!" சபீட்டி அவர் முதுகில் தட்டினார். "ஜெயிச்சுட்டே, போ."

"ஆமாண்ணே," என்றார் கரமூசி. மீதிக் கிழங்கை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு ஓடைக்கு இறங்கினார். பூட்ஸில் சேறு அதிகம் இல்லை. ஆனாலும் வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.