வெள்ளிக்கிழமைக் கதிரை

எங்கள் வீட்டு ஹோலில் நான்கு மரக்கதிரைகள் உண்டு. அதில் ஒன்று மட்டும் நிறம் வெளிறிப்போய் நிற்கும். கைபிடிகளில் வார்னிஷ் போய்விட்டது. கால்களின் அடிப்பகுதி ஈர மணலில் நின்று நின்று கறுத்திருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதை விட்டுவிட்டு மற்ற மூன்றில்தான் உட்காருவார்கள். வெயிலிலும் மாரியிலும் அது பட்ட பாடு அவர்களுக்குத் தெரியாது. நான் சின்னவளாக இருந்தபோது வெள்ளிக்கிழமை தோறும் உம்மா அதைத் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்து வேப்பமரத்தடியில் வைப்பார். வாப்பா வந்து உட்காருவதற்காக.

எங்கள் ஊர் மருதமுனையில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு பெண்ணுடையது. பிரிவு வந்தால் உடுப்புப் பெட்டியோடு படியிறங்குவதும் அவர்தான். வாப்பாவும் அப்படித்தான் இறங்கினார். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த வயது. அவர்களுக்குள் என்ன நடந்தது என்று இருவரும் இன்றுவரை வாய் திறந்ததில்லை. நானும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன். வாப்பா தலாக் சொன்னார், உம்மா இத்தாக் காலம் தனித்திருந்து முடித்தார், அதற்குப் பிறகு மார்க்கப்படி அவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியர். அவர் நினைத்த மாதிரி அந்த வீட்டுக்குள் வர முடியாது. பிள்ளை உம்மாவோடுதான் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. வாப்பா என்னை எங்கே வைத்துப் பார்ப்பது என்பதில்தான் எல்லாம் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

குடும்ப வழக்குகளைத் தீர்க்கும் காதியாருக்கு முன்னால் அந்தப் பேச்சு நடந்தபோது நான் உம்மாவின் மடியில் இருந்தேன். வாப்பா சாய்ந்தமருதில் தன் தங்கையின் வீட்டில் ஒதுங்கியிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையை அங்கே அனுப்பச் சொன்னார். உம்மாவின் மூத்த காக்கா, என் பெரிய மாமா, அதற்கு ஒத்துவரவில்லை. "சந்தியில வந்து நிக்கட்டும். நான் புள்ளையக் கூட்டிட்டு வந்து காட்டுறன்" என்றார். அதுவரை ஒரு வார்த்தை பேசாத உம்மா அப்போதுதான் கதைத்தார்.

"என்ட புள்ளைய நான் தெருவுல வச்சுக் காட்ட மாட்டன். அவர் எங்கட வளவுக்கு வரட்டும். முத்தத்துல இரிந்து கதைச்சிட்டுப் போகட்டும்."

காதியார் எழுதுவதை நிறுத்திவிட்டு உம்மாவைப் பார்த்தார். "உங்களுக்கு ஏலுமா மகள்?" என்று கேட்டார்.

"ஏலும்" என்றார் உம்மா.

அந்த ஒரு சொல்லை அவர் எத்தனை வருஷம் காப்பாற்றினார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. ஜும்ஆத் தொழுகை முடிந்து வாப்பாவின் சைக்கிள் வருவதற்கு முன்னமே கதிரை மரத்தடியில் இருக்கும். உம்மா மெலிந்த, கட்டையான ஆள். கதிரையின் கால் அவருடைய முழங்காலில் இடிக்க இடிக்கத் தூக்கிக்கொண்டு போவார். நான் ஒரு பக்கம் பிடிக்க ஓடினால், "நீ விடு, இது என்ட வேலை" என்பார். பிறகு உள்ளே போய்த் தையல் மெஷினில் உட்காருவார். நான் பிளேன்டீயைச் சிந்தாமல் வாப்பாவிடம் கொண்டுபோவேன். அவர் கல்முனை பஸாரில் புடவைக் கடையில் வேலைக்கு நின்றவர். சட்டைப் பையிலிருந்து கச்சான் கடலைச் சுருளை எடுத்துத் தந்து, வகுப்பில் யார் யாரோடு கோபம் என்பதுவரை விசாரிப்பார். அவர் எழுந்து போகும்வரை உள்ளே மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்காது. அந்தக் கதிரையை உம்மா எப்போதும் வீட்டுக்கு முதுகைக் காட்டித்தான் வைப்பார். வாப்பா தெருப் பக்கத்துக் கடப்பு வாசலைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். வகுப்பில் தண்டனை கொடுத்து உட்கார வைத்தது போல இருக்கிறது என்று பக்கத்து வளவில் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கும் அது வெட்கமாக இருந்தது. ஒருநாள் நான் கதிரையை வீட்டுப் பக்கம் திருப்பி வைத்தேன். உம்மா வந்து பழையபடி திருப்பிவிட்டுப் போனார். சரி, இவவுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு வாப்பா சாய்ந்தமருதிலேயே இன்னொரு கலியாணம் முடித்தார். செய்தி வந்த கிழமை முழுக்க எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகக் கதைக்கவில்லை. இனிக் கதிரை வெளியே வராது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். அந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே நான் ஹோலில் கதிரையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஜும்ஆவுக்கு ஆட்கள் போகத் தொடங்கினார்கள். உம்மா எழுந்து வந்து கதிரையைத் தூக்கினார்.

பள்ளிவாசலிலிருந்து திரும்பிய மாமா அதை மரத்தடியில் கண்டார். நேரே வந்து ஒரு கையால் தூக்கிக் கொண்டுவந்து ஹோலுக்குள் வைத்தார். "ஒனக்கு ரோசம் கிடையாதா? இன்னொருத்தியக் கட்டினவனுக்குக் கதிரை போடுறியா?" என்று கேட்டார்.

"அவர் என்னயத்தானே விட்டவர் காக்கா. புள்ளைய விடல்லயே" என்றார் உம்மா. கதிரையை மறுபடி தூக்கிக்கொண்டு மாமாவைக் கடந்து வெளியே போனார். மாமா அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பக்கம் வருவதையே குறைத்துக்கொண்டார். வாப்பா வந்தார். அன்றைக்கு அவர் டீயைக் குடிக்காமல் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கலியாணமானபோது வழக்கப்படி அந்த வீடு எனக்கு வந்தது. உம்மா அதே வளவில் பின்பக்கத்துச் சின்ன வீட்டுக்கு மாறினார். வீடு என் பெயருக்கு வந்ததும் வாப்பா உள்ளே வந்து உட்காரத் தொடங்கினார். ஆனாலும் உள்ளே வருமுன் வேப்பமரத்தடியை ஒருமுறை பார்த்துக்கொள்வார், பழக்கதோஷம்.

போன வருஷம் என் கலியாணமும் முறிந்தது. என் கணவரும் அதே படியால்தான் இறங்கிப் போனார். மகள் என்னோடு. வெள்ளிக்கிழமைகளில் வந்து பார்க்கிறேன் என்றார். வாருங்கள் என்று பெரிய மனுசி மாதிரி நானும் சொல்லிவிட்டேன். சொல்வது லேசு. முதல் வெள்ளிக்கிழமை வந்தபோது அந்த வெளிறிய கதிரையின் கைபிடியைப் பிடித்தபடி ஹோலில் நின்றேன். தூக்க மனம் வரவில்லை. அவர் செய்ததும் சொன்னதும் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. வரட்டும், தெருவிலேயே நின்று பார்த்துவிட்டுப் போகட்டும் என்று பெரிய மாமாவின் வார்த்தையே என் வாயிலும் வந்தது. மகள் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கடப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உம்மா பின்வாசலால் வந்து நின்றார்.

"உங்களுக்குக் கோவமே வரல்லயா உம்மா?" என்று கேட்டேன்.

"வராம? நெஞ்செல்லாம் எரியும்."

"அப்ப எப்படி ஒவ்வொரு கிழமையும் வச்சீங்க?"

உம்மா கதிரையின் முதுகைத் தடவினார். "அவர்ர முகத்தப் பாத்தா அடுத்த கிழமை வைக்க மாட்டன் எண்டு எனக்குத் தெரியும். அதுதான் மற்றப் பக்கம் திருப்பி வச்ச நான்."

வாப்பாவுக்குக் கொடுத்த தண்டனை என்று இத்தனை காலமும் நான் நினைத்திருந்தது, உம்மா தன் கோபத்துக்குப் போட்ட வேலி. கோபம் ஆறிய பிறகு செய்திருந்தால் அது பெரிய காரியமில்லை. ஆறாத கோபத்தை உள்ளே வைத்துக்கொண்டு, அது என் வாப்பாவை என்னிடமிருந்து பறித்துவிடாமல் கிழமைக்குக் கிழமை அவர் பார்த்துக்கொண்டார். இந்தச் சின்ன உடம்புக்குள் இவ்வளவு பெரிய மனுசி இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மகள் வாசலுக்கு ஓடினாள்.

"ஏலுமா?" என்றார் உம்மா. உதவிக்குக் கை நீட்டவில்லை.

"ஏலும்" என்றேன். கதிரை நான் நினைத்ததைவிடப் பாரம். முழங்காலில் இடித்தது. வேப்பமரத்தடியில் இறக்கி, அதன் முதுகை வீட்டுப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்தேன்.