கைப்பிடி உட்காரும் சத்தம்

வள்ளியூர்ப் பக்கம் பெயிண்ட் வாளி செய்யும் தொழிற்சாலையில், வாளிக்குக் கைப்பிடி மாட்டும் தானியங்கி இயந்திரத்தை நிறுவப் போயிருந்தேன். அது வெளியே தள்ளும் வாளிகளை அடுக்க ஓர் அக்கா நின்றார். ஒல்லியான உருவம், சேலைக்கு மேல் நீலச் சட்டை. ஒவ்வொரு வாளியையும் ஒருமுறை தூக்கி ஆட்டிவிட்டுத்தான் அடுக்குவார்.

ஒப்படைக்கும் நாளில் முதலாளி பார்த்துக்கொண்டிருக்க, வந்த வாளியைத் தொடாமலே அக்கா கையை உயர்த்தினார்.

“நிப்பாட்டுங்க தம்பி. இடது பக்கம் கைப்பிடி சரியா உக்காரல.”

எனக்குச் சுருக்கென்றது. “பச்சை விளக்கு எரியுதே அக்கா?”

“எரியட்டும். இருபது லிட்டரத் தூக்கிட்டு மாடிப்படி ஏறுதவன் விளக்கையா பிடிச்சிருக்கான்? தண்ணி ஊத்திப் பாருங்க.”

அந்த வாளியில் தண்ணீர் நிரப்பி நானே தூக்கினேன். நாலு எட்டு வைப்பதற்குள் இடது பக்கம் கழன்று, தண்ணீர் முதலாளியின் காலடி வரை ஓடியது. அவர் என்னை முறைத்தார்.

“புது மிஷினுல்லா, சரியாயிரும்” என்றார் அக்கா.

இயந்திரத்தைத் திறந்து பார்த்தேன். கைப்பிடிக் கம்பியின் முனையை அழுத்தும் இடத்தில் ஒரு திருகாணி தளர்ந்திருந்தது. முறுக்கிவிட்டு ஓட்டியதும், அக்கா சற்று நேரம் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

“எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?”

“ரெண்டு பக்கமும் ‘டக்’குனு ஒரு சத்தம் வரும். இடது பக்கம் வரல. உங்களுக்குக் கேக்கலையா?”

கேட்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் அதே இயந்திரத்தை நிறுவிவிட்டேன். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். மோட்டார் இரைச்சல்தான் கேட்கிறது.