சந்துருவின் கேசட்டுகளும் நான் அழித்த ஒரு பக்கமும்

பழைய கேசட்டில் இருப்பதை பென் டிரைவில் ஏற்றித் தருகிற என் தொழிலில், உள்ளே இருப்பதாக வாடிக்கையாளர் சத்தியம் செய்வது ஒன்று, இருப்பது வேறொன்று. மந்தைவெளியில் இதே கடையில்தான் ஒரு காலத்தில் பாட்டு லிஸ்ட் வாங்கிக்கொண்டு கேசட்டில் பதிந்து கொடுத்தேன். அன்று ஏற்றியதை இன்று இறக்குகிறேன், அவ்வளவுதான் முன்னேற்றம். அலமாரி நிறைய கேசட்டை வைத்துக்கொண்டு, தூக்கிப்போட மனசும் இல்லாமல், போட்டுக் கேட்க மெஷினும் இல்லாமல் தவிக்கிறவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே ஜாதி. மேலே படியுங்கள்.

கச்சேரியும் கிரிக்கெட்டும்

மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி வந்தார். காலமான கணவர் சபாவில் பாடிய கச்சேரியாம், அட்டையில் தேதி உட்பட அவர் கையாலேயே எழுதியிருந்தது. பூஞ்சை பிடித்த டேப்பைத் துடைத்து, உள்ளே உதிர்ந்திருந்த ஸ்பாஞ்சு துண்டை மாற்றி, டெக்கில் போட்டேன். ஒரு மணி நேரமும் ரேடியோ கிரிக்கெட் வர்ணனை. நடுநடுவே ஒரு பையன் "அவுட்டு! அவுட்டு!" என்று கத்துகிறான்.

மாமி கடைசிவரை உட்கார்ந்து கேட்டார். அழித்தவன் மகன் என்று புரிந்ததும் எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. ஏற்ற வேண்டாமா என்று மெதுவாகக் கேட்டேன். "ஏத்திக் குடுத்துடுங்கோ. ஆம்படையான் குரல்தான் போச்சு, பிள்ளை குரலாவது ஆத்துல இருந்துட்டுப் போகட்டும்."

இறந்த வருஷம்

சந்துரு ராயப்பேட்டைக்காரர். ஹோட்டல்களில் கிடார் வாசித்துப் பிழைத்தவர். மற்ற நேரமெல்லாம் வீட்டில் தனக்குத்தானே பாடிப் பதிந்துகொண்டிருப்பார். கிடாரைத் தலைகீழாக ஓடவிடுவார், எதிரொலி மேல் எதிரொலி ஏற்றுவார், ஊரூர் குப்பத்து அலைச்சத்தத்தை நடுவில் கலப்பார். சைகடெலிக் என்று பெயர் சொல்வார். கேட்டால் தலை சுற்றும், ஆனால் மறக்காது. ஒரு கம்பெனியும் சீண்டவில்லை. இன்று இணையத்தில் அவருக்கு ஒரு சின்ன பக்தர் கூட்டமே இருக்கிறது. அவருக்கோ மூன்று வருடம் முன்பு பக்கவாதம் வந்து பேச்சும் வலது கையும் போய்விட்டன. அக்கா வசந்தாதான் பார்த்துக்கொள்கிறார்.

தி.நகரில் சின்னதாக ஒரு இசைக் கம்பெனி நடத்தும் கார்த்திக், பழைய வாத்தியக்காரர்களிடம் சேகரித்த இருபத்திரண்டு கேசட்டுகளோடு வந்தார். எல்லாம் சந்துருவின் வெளிவராத பாட்டுகள், ஆல்பமாகப் போடப் போகிறாராம். மேலட்டை மாதிரியையும் காட்டினார். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் வருமே, அது மாதிரி ஒரு கறுப்பு வெள்ளை முகம். கீழே பிறந்த வருஷம், ஒரு கோடு, பிறகு காலி இடம். அந்த இடத்தில் என்ன வருஷம் போடலாம் என்று என்னைக் கேட்டார். ஆள் உயிரோடு இருக்கிறார், நேற்றுகூட அக்காவோடு ஆட்டோவில் போனதைப் பார்த்தேன் என்றேன். முகம் வாடிவிட்டது. "இருக்காரா சார்? அப்போ கவரையே மாத்தணுமே."

தேடுகிறேன் என்று சொன்னவன்

கார்த்திக் சந்துரு வீட்டுக்குப் போய்ப் பார்த்த மறுநாளே வசந்தா அக்கா தம்பியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். சந்துருவை நாற்காலியில் உட்காரவைத்தார். அவர் என் டெக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு ஆல்பம் பற்றிக் கவலையில்லை. முன்பு அக்கா ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோது தம்பி அவருக்காகவே ஒரு பாட்டு பண்ணியிருக்கிறார். ஒரு பக்கம் முழுக்க, அரை மணி நேரம். காப்பி எடுத்துத் தருகிறேன் என்று அக்காவிடம் சொல்லி, கேசட்டை என் கடையில் கொடுத்துவிட்டு, கப்பலில் வாசிக்கப் போய்விட்டார். அக்கா அதைக் கேட்டதே இல்லை. இனி அவர் பாடிக் காட்டவும் முடியாது. "கப்பலுக்குப் போசொல்லோ உன் கடைலதான் குட்த்தேன்னான். திரும்பி வந்து கேட்டதுக்கு, தேடிக்கினு கீறேன்னியாமே. கெடச்சிதாப்பா?"

செல்லோ டேப்

கிடைக்கவில்லை. தொலையவும் இல்லை. நான்தான் அழித்தேன்.

கேசட்டின் முதுகில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் பல் இருக்கும், உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அதை உடைத்துவிட்டால் மேலே எதுவும் பதிய முடியாது. சந்துரு உடைத்துத்தான் கொடுத்திருந்தார். ஆனால் அந்த ஓட்டையில் செல்லோ டேப் ஒட்டினால் மறுபடி பதியலாம். ஆள் திரும்பி வராத கேசட்டை அப்படித்தான் எல்லாக் கடையிலும் பயன்படுத்தினோம். ஒன்றரை வருடம் அவர் வரவில்லை. அது முகூர்த்தக் காலம், கடையில் புதுக் கேசட் தீர்ந்துவிட்டது, எடுத்து ஒட்டினேன். யாருக்கோ கல்யாணப் பாட்டு பதிந்து கொடுத்தேன். யாருக்கு என்று அடுத்த வாரமே மறந்துவிட்டேன். சந்துரு வந்து கேட்டபோது, தேடுகிறேன் என்று பொய் சொன்னேன். அவரும் ஒரு தடவைக்கு மேல் கேட்கிற ஆள் இல்லை.

முதலில் கார்த்திக்கிடம் சொன்னேன், திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவரோ அக்கா சொன்னதை வைத்து, ஏற்கெனவே ஆல்பம் குறிப்பில் தொலைந்துபோன அந்தப் பாட்டைப் பற்றி ஒரு பத்தி எழுதி வைத்திருந்தார். "தொலைஞ்சதுன்னே இருக்கட்டும் சார். அழிச்சதுன்னா படிக்க நல்லா இல்ல."

அக்காவிடம் சொன்னது

ராயப்பேட்டைக்கே போய்ச் சொன்னேன். சந்துரு கட்டிலில் சாய்ந்திருந்தார், அக்கா அவருக்கு இட்லியைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். சொல்லி முடித்ததும் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். சந்துரு என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். அக்கா அவர் வாயைத் துடைத்துவிட்டு, தட்டைக் கீழே வைத்துவிட்டு, கோபமே இல்லாத குரலில் கேட்டார். "அதும் மேல இன்னா பாட்டுப்பா ஏத்தின?"

செல்வியின் கல்யாணக் கேசட்

சினிமாப் பாட்டு என்று சொல்ல வாய் வராமல் திரும்பிவிட்டேன். சில மாதம் கழித்து ஊரூர் குப்பத்திலிருந்து செல்வி என்ற அம்மாள் வந்தார், மீன் விற்பவர். மகளுக்குக் காட்ட வேண்டும் என்று தன் கல்யாணக் கேசட்டை நீட்டினார். இந்தப் பக்கத்தில் இந்த வேலை பார்க்கிற கடைகள் ஒன்றோ இரண்டோதான், அதனால் நான் ஏற்றியது என்னிடமே திரும்பி வருவது அதிசயமில்லை. அட்டையில் என் கையெழுத்து. திருப்பிப் பார்த்தேன், முதுகில் மஞ்சளாகிப்போன செல்லோ டேப். உடனே டெக்கில் போட்டுக் கடைசிவரை ஓடவிட்டேன்.

லிஸ்டில் இருந்த பாட்டெல்லாம் முடிந்த பிறகும் கொஞ்சம் டேப் மீதி இருந்தது. ஒழுங்கான கடைக்காரன் அதையும் வெறுமையாக ஓட்டி அழித்திருப்பான். நான் சோம்பேறி, அங்கேயே நிறுத்தியிருந்தேன். உஸ் என்று ஒரு இரைச்சல், அதிலிருந்து தலைகீழாக ஓடும் கிடார், அலை, அதன் மேல் சந்துருவின் குரல். நான் அழுதே விட்டேன். செல்வி பயந்துபோய் என்னைச் சமாதானப்படுத்தினார். "அத்த கட் பண்ணிடுண்ணா. எவனோ பொலம்பிக்கினு கீறான், அந்த எடம் வந்தாலே நாங்க ஆஃப் பண்ணிருவோம்."

நாற்பது செகண்டு

செல்வியிடம் விஷயத்தைச் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, அதைத் தனியாக எடுத்து ராயப்பேட்டைக்கு ஓடினேன். முழுசாக நாற்பது செகண்டு. அரை மணி நேரப் பாட்டில் அதுதான் மிச்சம். வழியெல்லாம், பெரிய உபகாரம் செய்யப் போகிறவன் மாதிரி ஒரு நினைப்பு எனக்கு.

போனை இருவருக்கும் நடுவில் கட்டிலில் வைத்துப் போட்டேன். பாட்டின் கடைசி வரி பாதியிலிருந்து வந்தது, வார்த்தை சரியாக விளங்கவில்லை. கிடார் நின்றது. பிறகு இளவயசுச் சந்துரு, பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி, "முடிஞ்சிதுக்கா" என்றார். டேப் தீர்ந்துவிட்டது. சந்துருவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை, இடது கையால் போர்வையைப் பிடித்துக்கொண்டார். அக்கா போனையே பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் வரும் என்று. நான்தான் அவ்வளவுதான் அக்கா என்று சொல்ல வேண்டியிருந்தது. "முடிஞ்சிதுன்றான். எனக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லியேப்பா."

இப்போது ஆல்பம் வெளிவந்துவிட்டது, கேட்டவர்களெல்லாம் கடை தேடி வந்து சந்துருவின் பாட்டுகளைக் காப்பாற்றியதற்காக எனக்கு நன்றி சொல்கிறார்கள், நானும் வெட்கமில்லாமல் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.