சூரன் சாகாமல் கல்யாணம் இல்லை

அன்று காலை கோயில் மண்டபத்தில் சீர்த்தட்டுகள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. ஆப்பிள், ஆரஞ்சு, வெற்றிலை பாக்கு, கண்ணாடி வளையல், ஒரு தட்டில் அரக்கு நிறப் பட்டு. முருகனுக்கும் தெய்வானைக்கும் கல்யாணம். எல்லாம் தயார். ஆனால் எங்கள் புத்தகத்தில் சூரன் இன்னும் உயிரோடு இருந்தான்.

செங் என்ற ஊருக்குப் பக்கத்தில் உள்ள அந்தக் கோயிலில், முருகன் கதையைச் சொல்லும் புராணத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் படித்து வந்தோம். ஒருவர் பாட்டை வாசிப்பார். எங்களில் மூத்தவர், எல்லாருக்கும் அவர் மாமாதான், பொருள் சொல்வார். கல்யாணப் பகுதி வரும் நாளில் கேட்கிறவர்கள் பெண் வீட்டாராகச் சீர் கொண்டுவருவது வழக்கம். மாமா அந்த நாளை முன்கூட்டியே குறித்துவிட்டார். பிறகு தொழிற்சாலைகளில் ஓவர்டைம் வந்தது. வாசிக்கிறவர்கள் பல வாரம் வரவில்லை. வந்த வாரங்களில் மாமா பாட்டில் தொடங்கி, தான் பழனிக்குப் போன கதையில் முடித்தார். அப்படித்தான் பின்தங்கினோம்.

"சண்டையெல்லாம் ஒன்னுதான். சூரன் முடிஞ்சான்னு ரெண்டு வார்த்தையில சொல்லிடறேன். நேரா கல்யாணத்துக்குப் போயிடுவோம்" என்றார் மாமா.

"அவன் இருக்கும்போதே எப்படி மாமா மாலை மாத்துறது?" என்றேன்.

"ஐயருக்கு மத்தியானம் தஞ்சோங் கிளிங்ல வேற பூசை இருக்கு லா" என்று மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா பதறினார். "சாமிக்குக் கொண்டாந்த சீர வீட்டுக்கா திருப்பிக் கொண்டு போறது?"

அது முடியாத காரியம்தான். ஆனால் தூணோரம் என் அம்மா உட்கார்ந்திருந்தார். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, புத்தகம் தூக்க வேண்டிய வயதில் பால்வாளி தூக்கியவர். இப்போது ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிறார். ஞாயிறன்று இங்கே வரவேண்டும் என்பதற்காகவே லீவு நாளை மற்றவர்களிடம் கெஞ்சி மாற்றிக்கொள்வார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். அதை நான் எங்கும் அடக்கிச் சொல்வதில்லை. விட்டுப்போன பக்கத்தை மற்றவர்கள் வீட்டில் புரட்டிக்கொள்ளலாம். அம்மாவுக்கு, வாய்விட்டு வாசிக்காத பக்கம் புத்தகத்திலேயே இல்லாத பக்கம்.

எழுந்து நின்றேன். "ஒரு வரியும் விடமாட்டோம்னு தேங்கா உடைச்சுத்தானே ஆரம்பிச்சோம்? படிச்சே ஆகணும். பாட்டுக்குக் கீழ உரை அச்சடிச்சிருக்கு, அத வாசிச்சாப் போதும். மாமா இன்னிக்கு மட்டும் பழனிக்குப் போக வேணாம்."

மண்டபம் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை.

"ஆபீஸ்ல வேலை பாக்குற பொண்ணு. படிச்ச திமிரு."

"படிச்சதுதான் மாமா. அதனாலதான் படிக்கலாம்ங்கறேன்."

ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார். "நான் போய்ட்டு வந்துடறேன். அதுக்குள்ள அவனக் கொன்னு வைங்க."

வாசிக்கத் தொடங்கினோம். நான் பாட்டு, என் எதிரில் இருந்தவர் உரை. தொண்டை வறண்டபோது ஒரு தொழிற்சாலைப் பெண் வாங்கிக்கொண்டாள். மலாய்ப் பள்ளியில் படித்தவள், தமிழ் எழுத்து தெரியாது. அவளைப் போன்றவர்களுக்காக ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில், நான் தட்டச்சு செய்த தாள்களைப் பிடித்துக்கொண்டு, தடுக்கித் தடுக்கி, விடாமல் வாசித்தாள். சிலர் முணுமுணுத்துக்கொண்டு கிளம்பினார்கள். தட்டை எடுத்துக்கொண்டு போக மட்டும் யாருக்கும் துணிவில்லை. சாம்பார் ஆறியது. "சாப்பாட்ட புங்குஸ் பண்ணிக் குடுத்துடவா?" என்று அக்கா ரகசியமாகக் கேட்டார். தலையை ஆட்டி மறுத்தேன். பொட்டலம் கைக்கு வந்தால் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள்.

எப்போது என்று தெரியவில்லை, மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். உரை வாசித்தவர் களைத்ததும் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அச்சில் உள்ளதை மட்டும் வாசித்தார். சூரன் கடல் நடுவே மாமரமாகி நின்றான். வேல் வந்தது. மரம் இரண்டாகப் பிளந்தது.

வாசலில் மோட்டார் சைக்கிள் நின்ற சத்தம். "என்ன, கொன்னாச்சா?" என்றபடி ஐயர் உள்ளே வந்தார்.

"கொல்லல சாமி" என்றார் அம்மா, தூணோரத்திலிருந்து. "மயிலும் சேவலுமா ஆக்கிட்டோம். நீங்க மாலைய எடுங்க."

கல்யாணப் பகுதியை நானே வாசித்தேன். குரல் பாதி போயிருந்தது. அதிலும் ஒரு வரி குறையவில்லை. தட்டுகளைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் சன்னதியை நோக்கி நகர்ந்தார்கள். அம்மா தன் வளையல் தட்டோடு மாமா பக்கத்தில் நின்றார்.

"இனி வள்ளி கல்யாணம்தானுங்களே அண்ணே. அதுக்கு எடையில இன்னும் எத்தனப் பக்கம் இருக்கும்?"

"நாள் குறிக்கிற வேலைய நான் விட்டாச்சு தங்கச்சி" என்றார் மாமா. "உங்க மகளையே கேட்டுக்குங்க."