அலுமாரியைத் திறக்கச் சொன்ன நேர்முகத் தேர்வு

ஓய்வு பெற்ற பிறகு யாரிடமும் போகாமல் தனியாகவே புரோகிராமிங் படித்தவன் நான். இன்று காலை எனக்கு முதல் நேர்முகத் தேர்வு. கலஹாவில் என் அறையிலிருந்தே, வீடியோ அழைப்பில்.

கேள்வி கேட்டவருக்கு என் மகன் வயதுகூட இராது.

"யோசிக்கிறத சத்தமா சொல்லிக்கிட்டே புரோகிராம எழுதுங்க அங்கிள். இதுல அப்பிடித்தான்."

சொன்னேன். "டேய், அங்க ஏன்டா போற? மொதல்ல அந்த லூப்ப நிறுத்து!"

அவர் முகம் மாறியது. "பக்கத்துல யாரு இருந்து விடை சொல்லித் தர்றாங்க?"

"யாருமில்ல தம்பி. என்னையத்தான் நான் திட்டுறேன்."

நம்பவில்லை. கேமராவைச் சுற்றிக் காட்டச் சொன்னார். கட்டில், மேசை, கொடியில் காயப்போட்ட சாரம் எல்லாம் காட்டினேன்.

"அந்த அலுமாரியையும் தெறந்து காட்டுங்க."

திறந்தேன். உள்ளே என் சட்டைகள்தான் இருந்தன.

"சரி தம்பி, இப்ப உங்க பக்கத்தையும் காட்டுங்க."

"அது வழக்கமில்ல அங்கிள்."

"ஆள் இருக்கான்னு அலுமாரிக்குள்ள தேடுறது மட்டும் வழக்கமா? காட்டுங்க. அதுக்குப் பிறகுதான் அடுத்த கேள்வி."

சிரித்து மழுப்பினார். நான் அசையவில்லை. கடைசியில் கேமராவைத் திருப்பினார்.

அடுத்த கதிரையில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். என்னிடம் கேட்க வேண்டிய கேள்வியையும் அதன் விடையையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, இவருக்குத் தெரியும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"முடிவு ஈமெயில்ல வரும்" என்று அழைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

வேலை எனக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் இன்று பரீட்சை எழுதியது எங்கள் மூவரில் யார்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.